75% அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் என்பது அடைத்த தமனியைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் சின்ன வலைக் குழாய். உங்கள் அப்பாவுக்கு 61 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. நாலைந்து மாதமாக இப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ். ஆஞ்சியோவில் (தமனிக்குள் சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே படம்) வலது இதயத் தமனியில் 75% அடைப்பு, மற்ற குழாய்களில் லேசாக. பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 60%. அப்பா டேபிளில் படுத்திருக்கும்போதே உங்களைக் கூப்பிட்டு, "இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாம், கையெழுத்துப் போடுங்க" என்றிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று ஆஞ்சியோ படம் உள்ள சிடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வைத்தே ஆகணுமா, வைத்தால் இந்தியக் கம்பெனியா வெளிநாடா, மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக எம்ஆர்ஐ, ஏர்போர்ட் பற்றியும்.

நான் டாக்டர் இல்லை. ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யும் கேத் லேபில் டெக்னீஷியனாகப் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது இதய நோய் ஆய்வுகளில் சேர்ந்த நோயாளிகளைத் தொடர்ந்து விசாரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆகவே அப்பாவுக்கு இதைச் செய்யுங்கள் என்று சொல்லப் போவதில்லை. ஆய்வுகள் என்ன சொல்கின்றன, டாக்டரிடம் போய் எதைக் கேட்கணும் என்பது வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் மாரடைப்பு வேறு, உங்கள் அப்பாவுக்கு இருப்பது வேறு. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி, வியர்வை, ஈசிஜியில் மாற்றம் என்று வந்தால் அது அவசரம். அங்கே ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் விவாதமே இல்லை. 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டுத் தொகுப்பில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மட்டும் போட்டவர்களில் 9% பேர் இறந்தார்கள், குழாய் விட்டு அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை உடனே செய்தவர்களில் 7%. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்பதைத் தமிழ்நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அங்கிருந்து கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை 2,420 பேரிடம் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டமும் இருக்கிறது. அப்பாவின் வலி எப்போதாவது சும்மா இருக்கும்போது வந்தாலோ, ஓய்வெடுத்தும் போகாவிட்டாலோ, இந்தப் பதிலை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போதைக்கு அவருக்கு இருப்பது நிலையான ஆஞ்சைனா, அதாவது உழைத்தால் வந்து ஓய்வெடுத்தால் போகும் நெஞ்சுவலி. இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் நம் எல்லோர் மனதிலும் இருப்பது வீட்டுத் தண்ணீர்க் குழாய். 75% அடைத்துவிட்டது, நாளைக்கு 100% ஆகிவிடும், அதற்குள் திறந்துவிடணும். படம் போட்டு விளக்குபவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். மாரடைப்பு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. தமனியின் சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து, அதன் மேல் மூடி வெடித்து, வெடித்த இடத்தில் நிமிஷக் கணக்கில் ரத்தம் உறைவதுதான் மாரடைப்பு. அந்த இடம் ஆஞ்சியோவில் பெரிய அடைப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. 2011-ல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வில் 697 பேரின் தமனிகளை உள்ளேயிருந்து அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டு மூன்று வருஷம் தொடர்ந்தார்கள். புதிதாக வந்த பிரச்சினைகளில் ஏறக்குறைய பாதி, ஸ்டென்ட் வைக்காமல் விட்ட வேறு இடங்களிலிருந்து வந்தது. அந்த இடங்களில் முதல் ஆஞ்சியோவில் இருந்த அடைப்பு சராசரியாக 32% மட்டுமே. அப்பாவின் ரிப்போர்ட்டில் "லேசாக" என்று எழுதியிருக்கிறதே, அந்த இடங்களும் கவலைப்பட வேண்டியவைதான். அவற்றுக்கு ஸ்டென்ட் கிடையாது, மாத்திரை மட்டும்தான்.

அப்படியானால் 75% அடைப்பைத் திறந்தால் ஆயுள் கூடுமா? இதைப் பலமுறை சோதித்துவிட்டார்கள். 2007-ல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர். பாதிப் பேருக்கு ஸ்டென்ட்டும் மாத்திரையும், மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும். மரணமோ மாரடைப்போ ஸ்டென்ட் குழுவில் 19%, மாத்திரைக் குழுவில் 18.5%. ஆஞ்சியோவைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைச் சேர்த்தார்கள், நிஜமாகவே மோசமாக இருந்தவர்களை டாக்டர்கள் ஆய்வுக்கு விட்டிருக்க மாட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது. நியாயமான ஆட்சேபம். அதனால் இஸ்கீமியா ஆய்வில், பரிசோதனையில் ரத்த ஓட்டக் குறைவு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்த 5,179 பேரை, இந்தியா உள்பட 37 நாடுகளிலிருந்து, ஆஞ்சியோ எடுக்கும் முன்பே சேர்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் தொடர்ந்தபோது, உடனே ஆஞ்சியோவுக்குப் போன குழுவில் இறந்தவர்கள் 145 பேர். மாத்திரையில் ஆரம்பித்த குழுவில் 144 பேர்.

இந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதும் முக்கியம். இடது பிரதான தமனியில் அடைப்பு உள்ளவர்களையும், பம்பிங் மிகக் குறைந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மூன்று தமனிகளிலும் பெரிய அடைப்பும் கூடவே சர்க்கரையும் இருந்தால் கதையே வேறு: ஃப்ரீடம் ஆய்வில் அப்படிப்பட்ட 1,900 பேரில் ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 16.3%, பைபாஸ் குழுவில் 10.9%. உங்கள் அப்பாவுக்கு இவை எதுவும் இல்லை என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் "இடது பிரதான தமனி நன்றாக இருக்கிறதா?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

சரி, ஆயுள் கூடாவிட்டால் போகட்டும், வலியாவது போகுமே? இதற்கும் ஆய்வு நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து கேத் லேப் ஆட்களை இவ்வளவு கோபப்படுத்திய ஆய்வு வேறில்லை. 2017-ல் லண்டனில் ராஷா அல்-லமீ தலைமையில் வந்த ஆர்பிட்டா. 200 பேர், எல்லோருக்கும் ஒரு தமனியில் பெரிய அடைப்பு. எல்லோரையும் மயக்கி, காதில் ஹெட்போன் மாட்டி, தமனிக்குள் குழாய் விட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு எதுவும் வைக்காமல் வெளியே எடுத்துவிட்டார்கள். யாருக்கு வைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னால் சோதித்தவர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டபோது இரு குழுவுக்கும் வித்தியாசம் 16.6 விநாடி. புள்ளியியல்படி அது தற்செயலாகவும் வரலாம். அதே குழு 2023-ல் ஆர்பிட்டா-2 நடத்தியது. இந்த முறை 301 பேருக்கும் நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்: ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது, ஆனால் நன்றாக மாத்திரை சாப்பிடுபவருக்கு அதற்கு மேல் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான்.

இன்னொன்று, அந்த 75 என்ற எண்ணே. அதை எந்த மெஷினும் அளந்து சொல்லவில்லை. பெரும்பாலும் திரையைப் பார்த்துக் கண்ணால் மதிப்பிடுவது. ஒரே சிடியை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் ஒருவர் 60 என்பார், இன்னொருவர் 80 என்பார். இரண்டு பேரும் நல்ல டாக்டர்களாகவே இருப்பார்கள். அடைப்பைத் தாண்டி ரத்தம் போதுமான அழுத்தத்தோடு போகிறதா என்று அளக்க எஃப்எஃப்ஆர் என்ற வழி இருக்கிறது. மிக மெல்லிய ஒரு கம்பியை அடைப்பைத் தாண்டி விட்டு, முன்னாலும் பின்னாலும் அழுத்தத்தைப் பார்ப்பார்கள். பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ளதால் வகுத்து வரும் அளவு 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவையில்லை. ஃபேம் ஆய்வில் கண்ணுக்கு 50 முதல் 70% என்று தெரிந்த அடைப்புகளில் மூன்றில் ஒரு பங்குதான் நிஜமாகவே ரத்த ஓட்டத்தைக் குறைத்தது. 71 முதல் 90% அடைப்புகளிலும் ஐந்தில் ஒன்று குறைக்கவில்லை. அந்தக் கம்பிக்குத் தனிச் செலவு என்பதால் நம் ஊரில் பல இடங்களில் அதைத் தொடுவதே இல்லை. கேட்டால் செய்வார்கள், கேளுங்கள்.

ஆக, நீங்கள் கையெழுத்துப் போடாமல் வந்ததில் ஒரு தப்பும் இல்லை. டேபிளிலேயே முடித்துவிடுவது ஆஸ்பத்திரிக்கு வசதி, இன்னொரு முறை குழாய் விட வேண்டாம் என்பதால் நோயாளிக்கும் ஓரளவு வசதிதான். அதற்காக நிலையான வலிக்குப் பத்து நிமிஷத்தில் முடிவெடுக்கச் சொல்வது நியாயமில்லை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் நல்ல டோஸில், இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், தேவைப்பட்டால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட், சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள். இதைச் சில வாரம் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, அப்புறமும் மாடி ஏற முடியவில்லை என்றால் ஸ்டென்ட் வைத்துக்கொள்வது நல்ல முடிவு. இப்போதே நாலைந்து மாத்திரை சாப்பிட முடியாது, வலி போனால் போதும் என்று நினைத்து அப்பா இப்போதே ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் அதுவும் தப்பில்லை. வலி அவருடையது. ஒன்று மட்டும்: மாத்திரை வழி என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. பீடி, சிகரெட் இருந்தால் அதுவும் நிற்கணும், இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்த எண்ணும் அவருக்குப் பொருந்தாது.

எந்த ஸ்டென்ட் என்ற கேள்விக்கு வருகிறேன். சோப்புக் கம்பெனி விளம்பரம் மாதிரி "லேட்டஸ்ட்" என்று சொல்லி விற்கப்படும் பொருள் இது. லேட்டஸ்ட்டை நம்பி இந்தத் துறை இரண்டு முறை சூடுபட்டிருக்கிறது.

மனிதருக்கு முதல் ஸ்டென்ட் வைத்தது 1986-ல், பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும். வெறும் உலோக வலை. வைத்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து சில மாதத்தில் மறுபடி அடைத்துக்கொள்வது அதன் பெரிய தொல்லை. தழும்பு வளராமல் இருக்க வலையின் மேல் மருந்து பூசினார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து எடுத்த சிரோலிமஸ்தான் அந்த மருந்து. அதைப் பிரித்தெடுத்து வளர்த்ததில் முக்கியப் பங்கு பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகலுடையது. 2002-ல் வெளியான ராவெல் ஆய்வில் 238 பேர்; வெறும் ஸ்டென்ட்டில் 26.6% பேருக்கு மறுபடி அடைப்பு, மருந்து பூசியதில் ஒருவருக்குக்கூட இல்லை. உலகமே அதற்கு மாறியது.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் நான்கே நான்கு நோயாளிகளைப் பற்றிய சின்னக் குறிப்பு ஒன்று வந்தது. ஸ்டென்ட் வைத்துப் பதினோரு மாதத்துக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்திய கொஞ்ச நாளில், ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று ரத்தம் உறைந்து மாரடைப்பு. தழும்பு வளராமல் தடுத்த அதே மருந்து, உலோகக் கம்பிகளின் மேல் உடம்பின் சொந்தத் தோல் படர்வதையும் தாமதப்படுத்தியிருந்தது. மாதக் கணக்கில் கம்பி ரத்தத்தில் நிர்வாணமாகவே இருந்திருக்கிறது. 2006-ல் பார்சிலோனா மாநாட்டில் இது பெரிய புயலாக வெடித்தது, அந்த டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ தனியாகக் குழு கூட்டி விசாரித்தது. மாத்திரையை ஒரு வருஷம் நிறுத்தக் கூடாது என்ற வழக்கம் அதற்குப் பிறகு உறுதியானது. முதல் தலைமுறை ஸ்டென்ட்டின் கம்பி 140 மைக்ரான் (0.14 மில்லிமீட்டர்) கனம். இப்போது வருபவை 60 முதல் 80 மைக்ரான், மருந்தைத் தாங்கும் பூச்சும் மாறிவிட்டது. அந்தப் பயம் பெருமளவு தீர்ந்துவிட்டது.

இரண்டாவது சூடு, தானே கரைந்துபோகும் ஸ்டென்ட். உலோகமே இல்லை, இரண்டு மூன்று வருஷத்தில் உடம்பில் எதுவும் மிஞ்சாது. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! அப்சார்ப் என்ற பெயரில் இந்தியாவிலும் விற்றது, கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கரையும் பிளாஸ்டிக்குக்கு உறுதி குறைவு என்பதால் கம்பியை மறுபடி 150 மைக்ரான் கனத்துக்குக் கொண்டுபோனார்கள். 2017-ல் வந்த ஐடா ஆய்வில் இரண்டு வருஷத்தில் ரத்தம் உறைந்தது 3.5% பேருக்கு, சாதாரண உலோக ஸ்டென்ட்டில் 0.9%. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கம்பெனி விற்பனையை நிறுத்தியது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்து ஒன்றேகால் வருஷம்கூட ஆகவில்லை.

அதனால் புதுசா என்று கேட்காதீர்கள், எத்தனை பேரிடம் எத்தனை வருஷம் பார்த்தது என்று கேளுங்கள். இந்தியாவா வெளிநாடா என்பதும் அப்படித்தான். சூரத் கம்பெனியின் சூப்ராஃப்ளெக்ஸை ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 1,435 பேரிடம் வெளிநாட்டு ஸ்டென்ட்டான சையன்ஸோடு மோதவிட்டார்கள், 2019-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் பிரச்சினை 4.9%, சையன்ஸில் 5.3%. குறைந்ததில்லை என்று சொல்ல அது போதும். வெளிநாட்டு லேபிள் இருப்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது. உபேந்திர கௌல் தலைமையில் இந்தியாவிலேயே சர்க்கரை நோயாளிகள் 1,830 பேரிடம் நடந்த டக்ஸிடோ ஆய்வில் இரண்டு பெரிய வெளிநாட்டு ஸ்டென்ட்களை ஒப்பிட்டபோது, ஒன்றில் ரத்தம் உறைந்தது 2.1%, மற்றதில் 0.4%. பேக்லிடாக்செல் பூசியது தோற்றது, எவெரோலிமஸ் பூசியது ஜெயித்தது. சர்க்கரை உள்ள அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு இது.

விலை பற்றி ஏமாற வேண்டாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது: மருந்து பூசியது 29,600 ரூபாய். அதற்கு முன்பு ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் விலைக் குறியீட்டோடு உயர்ந்தும் 40,000-க்குள்தான் இருக்கிறது. எந்த ஸ்டென்ட்டுக்கும் அதற்கு மேல் கேட்டால் பில்லைத் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம், ஸ்டென்ட் பெட்டியில் கிழித்து ஒட்டும் ஸ்டிக்கர் சில இருக்கும். 3.0 × 28 என்று அகலமும் நீளமும், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்), காலாவதி மாதம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பெட்டியைப் பிரித்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை, ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது. இன்னொன்று நோயாளியின் அட்டையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஸ்டென்ட் வைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நாளைக்கு ஒரு லாட்டைத் திரும்பப் பெற்றால், அப்பாவுக்கு இருப்பது அதுதானா என்று அந்த எண் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டென்ட் வைத்த பிறகு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகள். இதை அழுத்திச் சொல்லணும், ஏனென்றால் போனில் நோயாளிகளை விசாரிக்கும்போது நான் அதிகம் பயப்படுவது இந்த இடத்தில்தான். 2005-ல் இத்தாலி, ஜெர்மனி டாக்டர்கள் மருந்து ஸ்டென்ட் வைத்த 2,229 பேரை ஒன்பது மாதம் தொடர்ந்தார்கள். ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தது மொத்தத்தில் 1.3% பேருக்குத்தான். ஆனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களை மட்டும் எடுத்தால் 29%. உறைந்தவர்களில் 45% பேர் இறந்தார்கள். அவை பழைய ஸ்டென்ட்கள், இப்போது ஆபத்து அந்த அளவு இல்லை. ஆனாலும் முதல் மாதங்களில் நிறுத்துவது இன்றைக்கும் விஷப்பரீட்சைதான். யாரும் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் "ரத்தம் நிக்காது, ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்பார்கள். ஒரு பெரியவர் அப்படி இரண்டையும் சேர்த்து நிறுத்தி, ஆறாம் நாள் ஆம்புலன்ஸில் வந்தார். பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே வேண்டியதில்லை, அந்த இடத்தில் அழுத்தி, தையல் போட்டே ரத்தத்தை நிறுத்திவிடலாம். கண்புரை, ஹெர்னியா மாதிரி தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் எதுவும் இருந்தால் ஸ்டென்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். யார் நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ஆயுசுக்குமா என்றால், அந்த இரண்டில் ஒன்று ஆயுசுக்கும், மற்றது சில காலம். நிலையான ஆஞ்சைனாவுக்கு வைத்தால் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் பொதுவாக ஆறு மாதம். மாரடைப்புக்கு வைத்தால் ஒரு வருஷம். வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு என்று ரத்தம் போகும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்திலேயே டாக்டர் ஒன்றை நிறுத்திவிடலாம். இன்னும் நீட்டினால் இன்னும் நல்லதா? 9,961 பேரிடம் 12 மாதத்தையும் 30 மாதத்தையும் ஒப்பிட்டார்கள். ஸ்டென்ட் அடைப்பு 1.4 சதவீதத்திலிருந்து 0.4 சதவீதமாகக் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவு 1.6 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் கூடியது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொண்டது. அதனால்தான் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. குளோபிடோக்ரெலுக்குப் பதிலாக டிக்காகிரெலர் கொடுத்தால் அது இரண்டு வேளை மாத்திரை, இரவு வேளையை மறக்கக் கூடாது. அது சிலருக்கு மூச்சு வாங்குவது போல உணர்வைத் தரும். ஸ்டென்ட் கெட்டுவிட்டது என்று பயந்து தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். குளோபிடோக்ரெலோடு வயிற்றுக்கு ஒமெப்ரசோல் வேண்டாம், அது மருந்தின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரே மாத்திரையாகவும் வரும். அதை வாங்கிவிட்டுத் தனி ஆஸ்பிரினையும் சேர்த்துப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கலாம். இப்போதைய ஸ்டென்ட்கள் காந்தத்தில் நகர்வதில்லை, 3 டெஸ்லா காந்த பலம் உள்ள மெஷின் வரை, ஸ்டென்ட் வைத்த மறுநாளேகூட எடுக்கலாம். ஸ்கேன் செய்பவரிடம் அந்த அட்டையைக் காட்டினால் போதும். ஏர்போர்ட்டில் கத்தாது, அவ்வளவு உலோகம் அதில் இல்லை. ஸ்டென்ட்டால் ஏதாவது கோளாறு என்று சந்தேகம் வந்தால் டாக்டரோடு நிறுத்திக்கொள்ளாமல், உடலில் வைக்கும் கருவிகளின் கோளாறுகளைப் பதிவுசெய்ய 2015-ல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய ஃபார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது, நோயாளியின் வீட்டாரே புகார் கொடுக்கலாம். அதற்கும் லாட் எண் கேட்பார்கள்.